கேபர்கோலின் 0.5: ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டு வருகிறவன் எழுதும் விமர்சனம்

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்து, டாக்டர் கேபர்கோலின் எழுதிக் கொடுத்து, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக ஆண்களுக்கு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அருமையான மாத்திரை. மூளைக்கு அடியில் இருந்த 31 மில்லிமீட்டர் கட்டியை ஆபரேஷன் இல்லாமல் சுருக்கி, போய்க்கொண்டிருந்த பார்வையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. எனக்குள்ள குறையெல்லாம் மாத்திரையைச் சுற்றி நடப்பவை பற்றித்தான். ஆரம்பிப்பதற்கு முன் செய்ய வேண்டிய டெஸ்டுகள், ஆரம்பித்த பிறகு சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள், இவற்றில் பாதியை நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 43. கொஞ்ச காலமாகவே உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் நிற்க முடியாத அசதி. தினமும் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவனுக்கு வாரத்தில் ஒரு தடவை போதும் என்கிற அளவுக்குத் தாடி வளர்வது குறைந்துவிட்டது. மனைவியோடு இருக்க வேண்டும் என்ற நினைப்பே மறந்து போயிற்று. நெற்றிக்குப் பின்னால் ஓயாத தலைவலி வேறு. போன இடங்களில் சர்க்கரை பார்த்தார்கள், பி12 ஊசி போட்டார்கள், டென்ஷனைக் குறையுங்கள் என்றார்கள்.

விஷயத்தை வெளியே கொண்டு வந்தது கண்தான். வெல்டிங் முடிந்து நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நடக்கும்போது, திறந்து கிடக்கும் பக்கக் கதவுகளில் தோள் இடிக்க ஆரம்பித்தது. நேரே இருப்பது தெளிவாகத் தெரியும்; பக்கவாட்டிலிருந்து வரும் ஆள் கிட்டே வந்து நிற்கும்வரை தெரியாது. ஒருநாள் யார்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, "அண்ணா, கண்ணாடியப் பாக்கறீங்களா இல்லீங்களா!" என்று ஹெல்ப்பர் பையன் கத்தினான். இரண்டு பக்கக் கண்ணாடியும் என் பார்வைக்குள்ளேயே வரவில்லை. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் குழிவுக்கு முன்னால் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்குப் பார்க்கும்போது நெடுநேரம் ஒரு வெளிச்சமும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "ஓடிட்டுத்தாங்க இருக்குது, புள்ளியையே பாருங்க" என்றார் டெக்னீஷியன் பெண். பிரிண்டில் வலது கண்ணின் வலது பாதியும் இடது கண்ணின் இடது பாதியும் கறுத்துக் கிடந்தன. கண் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி எதுவும் எழுதவில்லை. "கண்ணுல கோளாறு இல்லீங்க. ரெண்டு கண் நரம்பும் குறுக்கே போற இடத்துல என்னமோ அடியில இருந்து அமுக்குது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துருங்க" என்றார். அந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி. ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் அங்கேதான் குறுக்கே கடக்கின்றன. அதனால்தான் பிட்யூட்டரி கட்டி வளர்ந்தால் இரண்டு பக்கமும் பார்வை போகிறது.

எம்.ஆர்.ஐ.யோடு சேலத்தில் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டை, அதாவது ஹார்மோன் டாக்டரை, பார்த்தோம். அசதி, தாடி, ஆசை குறைந்தது, பார்வை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்த்துக் கேட்ட முதல் டாக்டர் அவர். புரோலாக்டின் பார்க்கச் சொன்னார். ரத்தம் எடுத்த லேபில், "இது லேடீஸ்க்கு எடுக்கற டெஸ்டாச்சுங்களே" என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். ஆண்களுக்கு ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 20 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு 2,140 இருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டம்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று புரிய, புரோலாக்டினை மூளை எப்படி ஆள்கிறது என்று தெரிய வேண்டும். டாக்டர் என் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். நான் அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இது தெரிந்தால் அப்புறம் சொல்லப்போகும் எல்லாம் தானாகப் புரியும்.

பிட்யூட்டரி ஏறக்குறைய அரை கிராம் எடைதான். அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி. இரண்டையும் ஒரு காம்பு இணைக்கிறது. அந்தக் காம்பு வழியாக மெல்லிய ரத்தக் குழாய்கள் இறங்குகின்றன. மூளை தன் உத்தரவுகளை ஹார்மோன்களாக அந்த ரத்தத்தில் விடும். அவை கீழே வந்து பிட்யூட்டரி செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகளில், டாக்டர்கள் ரிசப்டர் என்பார்களே அதில், போய் ஒட்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், கார்டிசாலைத் தூண்டும் ஹார்மோன், விரைகளையும் சினைப்பைகளையும் தூண்டும் ஹார்மோன்கள் இவையெல்லாம் மேலிருந்து தூண்டல் வந்தால்தான் ஒழுங்காகச் சுரக்கும். புரோலாக்டின் மட்டும் நேர்மாறு. விட்டால் அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். அதை இரவும் பகலும் அடக்கி வைத்திருப்பதுதான் மூளையின் வேலை. எங்கள் தொழில் பாஷையில், மற்ற ஹார்மோன்கள் மேட்டைப் பார்த்து நிற்கிற வண்டி, மிதித்தால்தான் நகரும். புரோலாக்டின் இறக்கத்தில் நிற்கிற வண்டி. பிரேக்கில் கால் இருக்கும்வரைதான் நிற்கும். பிட்யூட்டரியின் காம்பு அறுந்துபோனால் மற்ற ஹார்மோன்கள் எல்லாம் குறையும், புரோலாக்டின் மட்டும் ஏறும். அதுவே இதற்குச் சாட்சி.

அந்தப் பிரேக்தான் டோபமைன். டோபமைன் என்றால் சந்தோஷம் தருவது என்று மட்டும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அது ஹைப்போதலாமஸிலிருந்து ரத்தத்தில் இறங்கி வரும் ஒரு ஹார்மோன். புரோலாக்டின் செல்லின் மேல் இருக்கும் டி2 என்ற ரிசப்டரில் அது ஒட்டியதும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் குறைகிறது, பொட்டாசியம் வழிகள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே வருவது குறைகிறது. சேர்த்து வைத்த புரோலாக்டினைச் செல் வெளியே விடுவதில்லை. புதிதாகச் செய்வதும் குறைகிறது. செல் பெருகுவதும் அடங்குகிறது. இந்த மூன்றாவது விஷயம் ரொம்ப முக்கியம். 1997இல் டி2 ரிசப்டர் இல்லாத எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, அவற்றின் புரோலாக்டின் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, வயதானபோது பிட்யூட்டரியில் கட்டியே வந்தது. ஒரே ஒரு ரிசப்டர் இல்லாமல் போனதால் வந்த வினை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. புரோலாக்டின் ரத்தத்தில் ஏறினால், அதுவே மூளைக்குத் திரும்பிப் போய், டோபமைன் விடும் நரம்பு செல்களில் இருக்கும் புரோலாக்டின் ரிசப்டரில் ஒட்டி, "இன்னும் டோபமைன் அனுப்பு" என்று தூண்டும். தன்னைத் தானே அடக்கச் சொல்லிக் கேட்கும் ஹார்மோன். உடம்பு நன்றாக இருக்கும்போது இந்த ஏற்பாடு அளவைப் பிடித்து வைத்திருக்கிறது. கட்டி வந்துவிட்டால் அதற்கு மீறிப் போய்விடுகிறது. அப்போது கூடுதல் புரோலாக்டின், ஹைப்போதலாமஸில் கிஸ்பெப்டின் என்ற பொருளை விடும் நரம்பு செல்களையும் அமுக்கிவிடும். கிஸ்பெப்டின் குறைந்தால் ஹைப்போதலாமஸ் அனுப்பும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் குறையும், அது குறைந்தால் விரைகளையும் சினைப்பைகளையும் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறையும், கடைசியில் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் விழும், பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். என் தாடி குறைந்தது இந்த வரிசையின் கடைசிப் படி.

புரோலாக்டின் பெண்களுக்கு மட்டும் உள்ள ஹார்மோன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்கர், 1933இல். அவர் ஆராய்ந்தது புறாக்களை. புறாவில் ஆணும் பெண்ணும் இரண்டுமே கழுத்துப் பையில் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும், இரண்டுக்கும் அதைச் சுரக்க வைப்பது புரோலாக்டின்தான். மனிதரில் இது வளர்ச்சி ஹார்மோனிலிருந்து தனியான ஒன்று என்று நிரூபணமானதே 1970 வாக்கில்தான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். கேபர்கோலின் டோபமைனின் இடத்தில் போய் டி2 ரிசப்டரில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. கட்டி செல்களிலும் பெரும்பாலும் இந்த ரிசப்டர் நிறையவே இருக்கும், அதனால்தான் மருந்து கட்டிக்கும் வேலை செய்கிறது. சுரப்பை நிறுத்துவதோடு, செல்லின் அளவே சிறுத்துப் போகிறது. பிட்யூட்டரியில் வரும் மற்ற வகைக் கட்டிகள் பெரிதானால் பெரும்பாலும் மூக்கு வழியாக ஆபரேஷன்தான். பிட்யூட்டரி கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் புரோலாக்டின் வகை. அதற்கு மட்டும் பெரிய கட்டியாக இருந்தாலும் முதல் வைத்தியம் மாத்திரைதான். ஸ்கேனைப் பார்த்ததும் ஆபரேஷன் தேதி கேட்டு அலையாதீர்கள், முதலில் புரோலாக்டின் அளவு வரட்டும்.

ஆனால் ஆரம்பிக்கும் முன் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. புரோலாக்டின் எண்ணும் கட்டியின் அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கட்டி பெரிதாக இருந்து புரோலாக்டின் 60, 80 என்று லேசாகத்தான் ஏறியிருக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது புரோலாக்டின் கட்டியே இல்லை. வேறு கட்டி காம்பை அமுக்கி, டோபமைன் கீழே வராமல் தடுத்திருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கேபர்கோலின் கொடுத்தால் எண் அழகாக இறங்கும், கட்டி பெரும்பாலும் அப்படியே இருக்கும், எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, புரோலாக்டின் அளவுக்கு மீறி இருப்பதால் லேப் மெஷினே ஏமாந்துபோவது. டெஸ்டில் பயன்படும் இரண்டு வகை ஆன்டிபாடிகளும் தனித்தனியாக நிரம்பிவிட்டால் பல ஆயிரம் இருக்க வேண்டிய எண் சில பத்துகளில் வந்து நிற்கும். ரத்தத்தை நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். "டைல்யூட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" என்று கேளுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் கூடுதலாக இருந்தால், அது மேக்ரோபுரோலாக்டினாக இருக்கலாம். ஆன்டிபாடியோடு பிணைந்து பெரிதாகி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரோலாக்டின் அது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பெக் டெஸ்ட் என்று ஒன்று எடுத்தால் பிரித்துக் காட்டும். மாத்திரையே வேண்டியிருக்காது. தைராய்டு குறைந்திருந்தாலும், கிட்னி பழுதானாலும் புரோலாக்டின் ஏறும். பெண்கள் கர்ப்பமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் வயிற்று மாத்திரை. இதைத்தான் நான் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நெஞ்சு எரிச்சலுக்கு நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் கேப்சூல்களில் பலவற்றில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். ரேபிப்ரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்ததும் உண்டு. டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு எல்லாமே அதே டி2 ரிசப்டரை அடைத்துக்கொள்ளும் மருந்துகள். டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது என்பார்கள், உண்மைதான். ரத்தத்திலிருந்து மருந்துகள் மூளைக்குள் போகாமல் காக்கும் ஒரு தடுப்பு உண்டு. ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால் புரோலாக்டின் ஏறத்தான் செய்யும். நான் கேபர்கோலின் ஆரம்பித்த பிறகு வயிற்றுப் புரட்டலுக்காக உள்ளூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். சாப்பிடும் மருந்துகளின் சீட்டை மேஜை மேல் வைத்தேன். அதைப் பார்க்காமலே லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூலை எழுதிக் கொடுத்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த புரோலாக்டின் அடுத்த டெஸ்டில் ஏறி நின்றது. சேலம் டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மாத்திரை தொறக்கற கதவ இன்னொண்ணு சாத்துதுங்க" என்று சொல்லி அதை நிறுத்தினார். வெறும் பான்டோப்ரசோலுக்கு மாற்றியதும் எண் மறுபடி இறங்கியது.

மனநலத்துக்காக ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே காரணத்தால் புரோலாக்டின் ஏறும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனநல டாக்டரும் எண்டோகிரைனாலஜிஸ்டும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

சாப்பிடும் முறை எளிது. எனக்கு அரை மாத்திரை, அதாவது 0.25 மி.கி., வாரத்துக்கு இரண்டு இரவு என்று ஆரம்பித்து மெல்ல ஏற்றினார். இப்போது புதன், ஞாயிறு இரவு ஒவ்வொரு மாத்திரை. இந்த மருந்து பாதி குறைவதற்கு மட்டும் 63 முதல் 69 மணி நேரம் ஆகும் என்பதால் தினம் சாப்பிட வேண்டியதில்லை. ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்வது நல்லது. முதல் தடவை குமட்டல் வந்தது. அதைவிட, விடிகாலையில் பாத்ரூம் போகச் சட்டென்று எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்ததும் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நிற்பது என்று பழகிக்கொண்ட பிறகு அது வரவில்லை. மலச்சிக்கல் லேசாக இருக்கிறது, கீரையும் தண்ணீரும் சமாளிக்கின்றன. மூக்கடைப்பு வரும் என்று படித்தேன், எனக்கு வரவில்லை.

பலன் வந்த வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் வராது. முதலில் வந்தது பார்வை. இரண்டாவது வாரமே பட்டறையில் கதவு இடிப்பது நின்றுவிட்டது. மறுபடி எடுத்த ஃபீல்டு டெஸ்டில் கறுப்பு ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தது. வலது கண்ணுக்கு வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது பட்டனை அமுக்கும் விரல் நடுங்கியது. அதே டெக்னீஷியன் பெண், "இப்ப மெஷின் ஓடுதுங்களா?" என்று கேட்டார். அடுத்து எண். 2,140 என்பது சில வாரங்களில் 96 ஆகி, அப்புறம் 11இல் நிலைத்தது. எம்.ஆர்.ஐ.யில் 31 மில்லிமீட்டர் 12 ஆகியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் மெதுவாக, பாதி வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறியது. அசதி போனதும், தாடி திரும்பியதும், வீட்டில் நாங்கள் பழையபடி ஆனதும் அதற்குப் பிறகுதான். எண் சரியாகியும் உடம்பு சரியாகவில்லையே என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அந்த ஹார்மோன் தானாக ஏறாமலும் போகலாம், அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படிப் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். கட்டி செல்களில் டி2 ரிசப்டர் குறைவாக இருந்தால் மருந்து சரியாகக் கேட்காது. அவர்களுக்கு டோஸ் ஏற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் ஆபரேஷன்.

பழைய மருந்தான புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டுப் பலர் கேட்கிறார்கள். இரண்டும் ரை (rye) என்ற தானியத்தில் வரும் எர்காட் என்ற பூஞ்சணத்தின் வேதிப்பொருட்களிலிருந்து உருவாக்கியவை. புரோமோகிரிப்டின் தினமும், பலருக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. 1994இல் புரோலாக்டின் அதிகமாக இருந்த 459 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கேபர்கோலின் சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்துக்குப் புரோலாக்டின் சரியான அளவுக்கு வந்தது, புரோமோகிரிப்டினில் 59 சதவீதம். தாங்க முடியாமல் பாதியில் விட்டவர்கள் கேபர்கோலினில் 3 சதவீதம், புரோமோகிரிப்டினில் 12 சதவீதம். 1996இல் கேபர்கோலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்களுக்குச் சில டாக்டர்கள் இன்னும் புரோமோகிரிப்டினை விரும்புகிறார்கள், அதில் அனுபவம் அதிகம் என்பதால். கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் பெரிய கட்டி உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இனி எச்சரிக்கைகள். முதலாவது, சூதாட்டம். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் விளையாட்டு விஷயம் இல்லை. கேபர்கோலின் பிட்யூட்டரியோடு நிற்காது. மூளையில் ஆசையையும் பரிசையும் ஆளும் பகுதிகளில் உள்ள டோபமைன் ரிசப்டர்களிலும், குறிப்பாக டி3 என்ற வகையிலும், ஒட்டும். சிலருக்கு அடக்க முடியாமல் சூதாடுவது, கண்டபடி வாங்கிக் குவிப்பது, காம எண்ணம் எல்லை மீறுவது, அகோரப் பசி இவை வரலாம். அதற்கு முன் அந்தப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் வரலாம். ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் சீரழிவதைப் பார்த்துச் சட்டமே போட்ட ஊர் நம்முடையது. போனைத் திறந்தால் விளம்பரமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் டாக்டர் இதை என்னிடம் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கே தெரியாதுங்கம்மா, நீங்கதான் கவனிக்கணும்." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவு மாத்திரை போடும் நேரத்தில், "ஏனுங்க, போனக் கொடுங்க" என்று வாங்கி, அந்த வாரம் போன பணத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. தனியாக இருக்கும் இளைஞர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். அறிகுறி தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது, இதய வால்வு. 2007இல் வந்த இரண்டு ஆய்வுகள், பார்க்கின்சன் நோய்க்கு இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு வால்வு தடிப்பதைக் காட்டின. காரணம் இதய வால்வில் இருக்கும் ஒரு செரட்டோனின் ரிசப்டரிலும் இது ஒட்டுவது. அவர்கள் ஒரு நாளில் சாப்பிட்ட அளவு, நம்மில் பலர் ஒரு வாரத்தில் சாப்பிடும் அளவைவிட அதிகம். பயந்து நிறுத்த வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 2 மி.கி.க்கு மேல் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது பெரிய கட்டி உள்ளவர்களுக்கு மட்டும். கட்டி அடியில் உள்ள எலும்பை அரித்திருந்தால், அது சுருங்கும்போது அந்த ஓட்டை திறந்து மூளைத் தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டலாம். குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகினால் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளைக் காய்ச்சல் வரை போகக்கூடியது. திடீரென்று தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினாலும் அப்படியே.

மாத்திரையின் பொட்டலம் பற்றி: இதற்கு ஈரம் ஆகாது. கடையில் அட்டையைக் கத்திரித்துக் கொடுத்தாலும் சரி, ஒவ்வொரு குழியும் மூடியே இருக்கிறதா என்று பாருங்கள். பாதியாக உடைத்தால் மிச்சப் பாதியைத் திறந்து வைக்காதீர்கள். உள்ளே வரும் காகிதம் எறும்பெழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது; தமிழில் ஒரு பக்கம் இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக நான் எழுத வேண்டியிருந்திருக்காது. இதற்காகவே அரை நட்சத்திரம் குறைத்து நாலரை கொடுக்கிறேன். ஒரு மாத்திரையின் விலை கையைக் கடிக்கும்தான், ஆனால் மாதத்துக்கு எட்டு, ஒன்பதுதான் வேண்டும் என்பதால் கட்டுப்படியாகிறது. எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் இருப்பு இருப்பதில்லை. பொங்கல், தீபாவளி லீவுக்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிடுவேன்.

எத்தனை வருஷம் சாப்பிட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. குறைந்தது இரண்டு வருஷம் சாப்பிட்டு, புரோலாக்டின் சரியான அளவில் இருந்து, எம்.ஆர்.ஐ.யிலும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால், டாக்டர் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார். சின்னக் கட்டிக்காரர்களில் பலர் அப்படி விடுபட்டிருக்கிறார்கள். பெரிய கட்டிக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எனக்கு இன்னும் 12 மில்லிமீட்டர் மிச்சம் இருப்பதால் அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. அடுத்த எம்.ஆர்.ஐ. ஆடி மாதம். நிறுத்தியவர்கள் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புரோலாக்டின் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. மறுபடி ஏறினால் பயப்பட வேண்டாம். இதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம், பெரும்பாலும் முன்பு கேட்டது போலவே கேட்கும்.